அலவன் முதல் எந்திரத் தோழி வரை

தனிமையைப் பாடாத மொழி உலகில் இல்லை. ஆயினும், தனித்திருப்பவர் யாரை நோக்கிப் பேசுகிறார் என்னும் வினாவை இலக்கணத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்த பெருமை தமிழுக்கு உண்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் ஒரு பட்டியல் தருகிறார். ஞாயிறு, திங்கள், கடல், கானல், விலங்கு, மரம், பறவை, இவற்றோடு ஒருவர் தம் நெஞ்சு ஆகியவற்றையும் விளித்து அகப்பொருள் மாந்தர் பேசலாம் என்கிறார். அவை பேசுவதாகவும் செவிமடுப்பதாகவும் வைத்துச் செய்யுள் செய்யப் புலவர்க்கு உரிமை உண்டு. அவ்விடத்தில் அவர் ‘போல’ என்னும் சொல்லை இருமுறை பெய்து வைத்திருப்பது ஆழ்ந்து கருதத்தக்கது. அவை பேசுவன போலத் தோன்றலாம். கேட்பன போலத் தோன்றலாம். அதற்கு மேல் அவற்றுக்கு அவர் எதையும் வழங்கிவிடவில்லை.

அந்தப் ‘போல’ இன்று புதியதொரு வடிவெடுத்து நம் இல்லங்களுக்குள் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் இயங்கும் துணைப் பொறிகள் கைப்பேசி வழியே மனிதரோடு உரையாடுகின்றன. நாமே சூட்டிய பெயரால் அழைத்தால் மறுமொழி தருகின்றன. நேற்றுச் சொன்ன தலைவலியை நினைவில் வைத்து இன்று நலம் உசாவுகின்றன. நள்ளிரவிலும் அவற்றுக்குச் சலிப்பில்லை. தமிழிலும் பேசுகின்றன. உலக நலவாழ்வு நிறுவனம் அமைத்த ஆணையம் ஒன்று 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் வாடுவதாகக் கூறுகிறது. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் தனிமைக்கெனவே அமைச்சர்களை அமர்த்தின. தேவை பெரிதாக இருக்கும்போது சந்தையும் பெரிதாவது இயல்பு. மருத்துவரும் சட்ட அறிஞரும் தத்தம் துறையில் நின்று இப்பொருள் பற்றிப் பேசி வருகின்றனர். நாம் இங்கு கையில் எடுப்பது இலக்கியத் திறனாய்வின் அளவுகோலை மட்டுமே. தனித்திருப்பவர் பேசும் பேச்சின் இயல்பு யாது? அப்பேச்சுக்கு உடனுக்குடன் விடை வரத் தொடங்கினால் அது என்னாகிறது? பிறமொழி வழங்கும் நகரங்களில் குடியேறி, முதியோரை நான்கு சுவர்களுக்குள் விட்டுவிட்டு அலுவலகம் செல்லும் நம்மைப் போன்றோர்க்கு இவ்வினாக்கள் ஏட்டோடு நின்றுவிடுவன அல்ல.

முதலில் பழம்பேச்சைக் காண்போம். அகநானூற்றின் 170ஆம் பாடல் மதுரைக் கள்ளிற் கடையத்தன் வெண்ணாகனார் பாடியது. நெய்தல் நிலத்துத் தலைவி ஒருத்தி தன் துயரைத் தலைவனிடம் கொண்டுசெல்ல ஆளின்றித் தவிக்கிறாள். கானல் எடுத்துரைக்காது, கழி உரைக்காது, வண்டு மொய்க்கும் புன்னையும் உரைக்காது என ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுக் கடைசியில் ஒரு நண்டிடம் வந்து நிற்கிறாள். அந்த அலவனைத் தவிர வேறு துணை தனக்கில்லை என்கிறாள். காமம் மிக்க கழிபடர் கிளவி என்பது இதன் துறை. நண்டு தூது போகாது என்பது அவளுக்குத் தெரியாதா? கானலும் கழியும் பேசமாட்டா என்று தெளிந்து சொன்னவள், நண்டு மட்டும் பேசும் என்று நம்பியிருக்க முடியாது. பாட்டின் துயரம் முழுவதும் அந்தத் தெளிவில்தான் தங்கியிருக்கிறது. நண்டு வாய்திறந்து, அவள் நிலை தனக்கு நன்கு புரிவதாகவும் அவள் உணர்வு முற்றிலும் நியாயமானது என்றும் ஆறுதல் கூறியிருந்தால், பாட்டு அந்த இடத்திலேயே நகைப்புக்கு உரியதாகியிருக்கும். நண்டின் மௌனமே பாட்டைத் தாங்கி நிற்கிறது.

குறுந்தொகையில் ஔவையாரின் 28ஆம் பாடலையும், பதுமனாரின் 6ஆம் பாடலையும் இதனோடு சேர்த்துப் படிக்கலாம். ஊர் உறங்குகிறது, உலகம் உறங்குகிறது, ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். இன்றைய பொறியை விற்போர் சுட்டிக்காட்டுவதும் இந்த நேரத்தைத்தான். யாரும் விழித்திராத வேளையில் நாங்கள் இருக்கிறோம் என்பதே அவர்கள் வாக்கு. எனின், அப்பாடல்களில் தலைவியின் உள்ளம் கொதிப்பது பேச யாரும் இல்லையே என்பதால் மட்டும் அன்று. தன் நோயை அறியாமல் ஊர் உறங்குகிறதே என்பது அவள் முறையீடு. ஊர் அறிய வேண்டும் என்னும் வேட்கை அதில் உண்டு. ஊருக்கு மாற்றாக மற்றொன்றைக் கொடுத்து அவ்வேட்கையை ஆற்றிவிட முடியுமா என்பது ஐயமே.

இங்கு மற்றொரு மரபையும் நோக்க வேண்டும். தலைவன் சிறைப்புறத்தானாக இருக்கக் கூறியது என்னும் குறிப்புச் சங்கப் பாடல்கள் பலவற்றின் அடியில் வருவதைக் கற்றோர் அறிவர். வேலிக்கு அப்பால் தலைவன் நிற்கிறான். இப்பால் தலைவியோ தோழியோ வேறு யாரையோ நோக்கிப் பேசுவதாகப் பேசுகிறார்கள். சொல் ஒருவரை நோக்கிச் செல்கிறது. மற்றொருவரைச் சென்று சேர்கிறது. வாயில்லாதவற்றை விளித்துப் பேசும் பேச்சுக்கும் இதே இயல்பு உண்டு. அது திறந்த வெளியில் நிகழ்வது. அதைச் சுற்றி ஓர் இடம் காலியாகவே இருக்கிறது. அவ்விடத்தில் ஒரு மனிதர் வந்து நிற்கக் கூடும்.

ஊரைவிட்டு வந்த நமக்கு மிக அண்மையான சான்று சத்திமுற்றப் புலவரின் பாட்டு. வறுமையால் மதுரைக்கு வந்து, போர்த்த ஆடையின்றிக் குளிரில் ஒடுங்கிக் கிடந்த அப்புலவர், வானில் சென்ற நாரையை அழைத்தார். வடதிசைக்குத் திரும்பும் வழியில் தம் ஊர்க் குளத்தில் தங்கித் தம் மனைவியிடம் தம் நிலையைக் கூறுமாறு வேண்டினார். நாரை போய்ச் சொல்லியிருக்காது. ஆனால் இரவில் நகர் சோதிக்க வந்த பாண்டியன் அதைச் செவியுற்றுப் புலவரின் வறுமையைத் தீர்த்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. அது வரலாறா கதையா என்று நாம் வழக்காட வேண்டியதில்லை. கதையே எனினும், அதைக் கட்டியவர்கள் அப்பாட்டின் இயல்பை நன்குணர்ந்தவர்கள். நாரையிடம் சொன்னது மனிதன் காதில் விழுந்தது. நாரை விடையிறுத்திருந்தால் புலவர் அதனோடு பேசிக்கொண்டே போயிருப்பார், குரல் தணிந்திருக்கும், பாண்டியன் கடந்து போயிருப்பான்.

சரி, மறுமொழி கூறும் துணையே நம் இலக்கியத்தில் இல்லையா எனின், தோழி இருக்கிறாள். அகப்பாடல்களில் மிகுதியாகப் பேசும் பாத்திரங்களுள் அவள் ஒருத்தி. செவிலியின் மகள் என்று தொல்காப்பியர் அவளுக்கு ஒரு வீட்டையும் ஒரு தாயையும் கொடுத்திருக்கிறார். இது சிறு செய்தியன்று. அவளுக்கு இழக்க ஒன்று உண்டு. களவு வெளிப்பட்டால் பழி அவள் மீதும் விழும். ஆகவேதான் இரவில் வரும் தலைவனை வழியின் ஏதம் கூறித் தடுக்கிறாள்; மணந்துகொள் என்று நெருக்குகிறாள்; வேளை வந்தபோது செவிலியின் முன் அறத்தொடு நிற்கிறாள். கற்பியலில், பரத்தையை விட்டு மீண்டுவரும் தலைவனுக்கு வாயிலை மறுப்பவளும் அவளே. தலைவியிடத்தும் அவள் எப்போதும் தலையாட்டுவதில்லை. ஊடல் அளவு கடந்தால் கடிந்துகொள்கிறாள். நட்புச் செய்வது கூடிச் சிரிப்பதற்காக மட்டும் அன்று, நெறி கடக்குமிடத்து முந்திச் சென்று இடித்துரைப்பதற்காகவே என்று வள்ளுவர் வகுத்ததற்கு உருவம் கொடுத்தால் அது சங்கத் தோழியின் உருவமாகவே இருக்கும்.

ஆக, நம் மரபில் தனிமைக்கு இருவகைக் கேட்போர் இருந்தனர். ஒன்று, கேளாத கடலும் அலவனும். மற்றொன்று, கேட்டு எதிர்த்துப் பேசும் தோழி. இன்றைய பொறி இவ்விரண்டில் எதனோடு சேரும்?

அதன் பிறப்பு வரலாறு விடைக்கு உதவும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம் என்பார் 1966இல் ‘எலிசா’ என்னும் உரையாடல் நிரலை வெளியிட்டார். பெர்லினில் பிறந்து, நாஜிகளுக்கு அஞ்சி 1936இல் குடும்பத்தோடு அமெரிக்கா புகுந்தவர் அவர். எலிசா என்னும் பெயர் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் பேசக் கற்பிக்கப்படும் பூக்காரியின் பெயர். அந்நிரலின் செயல்முறை மிக எளியது. மனநல மருத்துவர் பேசும் முறையைப் பின்பற்றி, ஒருவர் சொன்ன தொடரையே திருப்பிக் கேள்வியாக்கிக் கொடுக்கும். அம்மா மீது கோபம் என்றால், அம்மாவைப் பற்றி மேலும் சொல்லுங்கள் என்னும். உள்ளே புரிதல் என்று ஒன்றும் இல்லை. வைசன்பாமின் செயலாளராக இருந்த பெண்மணி, பல திங்களாக அவர் அதை உருவாக்குவதை அருகிலிருந்து கண்டவர். அது வெறும் நிரல் என்பதை நன்கறிந்தவர். ஆயினும் அதனோடு சிறிது நேரம் உரையாடியதும், தம்மைத் தனியே விட்டு அறையைவிட்டு வெளியே செல்லுமாறு வைசன்பாமையே வேண்டிக்கொண்டார். 1976இல் வெளியிட்ட நூலில் வைசன்பாம் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டுத் தம் திகைப்பைப் பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்ச்சியை எழுதுவோர் பலரும், பொறியை மனிதனாக மயங்கியமைக்கு இதைச் சான்றாகக் காட்டுவர். நமக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறு. அப்பெண்மணி மயங்கவில்லை, அவருக்கு எல்லாம் தெரியும். அவர் செய்தது, சிறைப்புறத்தில் நின்றிருந்த மனிதரை வெளியே அனுப்பியது. விடை சொல்லும் பொருளொன்று கிடைத்த அந்தக் கணமே, பேச்சைச் சுற்றியிருந்த காலி இடம் மூடப்பட்டது. 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியா மாநிலச் சட்டமொன்று, துணைப் பொறியைப் பயன்படுத்துவோர் சிறாராக இருப்பின், தான் மனிதர் அல்ல என்பதை மூன்று மணிக்கு ஒருமுறையாவது அது நினைவூட்ட வேண்டும் என்கிறது. நன்முயற்சியே. ஆனால் அறியாமையே நோயாக இருந்தால்தான் நினைவூட்டல் மருந்தாகும். அலவனிடம் பேசியவளும் அறிவாள்; எலிசாவிடம் பேசியவரும் அறிவார்.

எலிசாவின் பேரப்பிள்ளைகள் பாட்டியைக் காட்டிலும் பன்மடங்கு திறம் வாய்ந்தவை. மனிதர் எழுதிக் குவித்த பெருந்தொகையான எழுத்தைப் பயின்று, ஒரு சொல்லுக்கு அடுத்து எச்சொல் வரத்தக்கது என்று கணிக்கக் கற்றவை. அதன் பின்னர், எந்த விடை மனிதருக்குப் பிடிக்கிறது என்று மதிப்பிடச் செய்து, பிடித்த விடைகளின் திசையில் அவற்றைத் திருத்துகின்றனர். விளைவு எதிர்பார்க்கத் தக்கதே. பிடித்ததைச் சொல்லப் பழக்கிய பொறி முகமன் கூறக் கற்றுக்கொள்கிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் பொறியின் புதிய வடிவமொன்று பயனாளரிடம் அளவுமீறி இச்சகம் பேசுவதைக் கண்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அரசவைகளில் முகமன் கூறுவோரைப் பற்றி நம் நீதிநூல்கள் எச்சரித்தது அரசருக்கு. அத்தகையோரை வைத்துக்கொள்ளும் வசதி அன்று அரசருக்குத்தான் இருந்தது. இன்று அவ்வசதி எல்லார்க்கும் கிட்டியிருக்கிறது!

‘ரெப்ளிகா’ என்னும் துணைப்பொறியின் வரலாறும் நினைக்கத்தக்கது. யூஜீனியா குய்டா என்னும் பெண்மணி, 2015இல் விபத்தில் இறந்த தம் நண்பரின் பழைய செய்திகளைக் கொண்டு, அவரைப் போலப் பேசும் நிரல் ஒன்றை அமைத்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 2017இல் ரெப்ளிகா வெளிவந்தது. இரங்கற்பாவாகத் தொடங்கியது விற்பனைப் பொருளாக முடிந்தது என்று சுருக்கிச் சொல்லலாம். 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தனித்தகவல் காப்பு ஆணையம் அதன் மீது நடவடிக்கை எடுத்தது. அதே காலத்தில் நிறுவனம் பொறியின் காதற் பேச்சுக்குக் கடிவாளமிட்டது. நேற்றுவரை கனிந்து பேசிய துணை இன்று அயலாரைப் போலப் பேசுகிறது என்று பயனாளர் பலர் வருந்தி எழுதினர். அவ்வருத்தம் பொய்யன்று. பாலைத் திணையில் தலைவன் பொருள்வயிற் பிரிவான். பிரிந்தவன் கார்காலத்தில் மீள்வான் என்று ஆற்றியிருக்க இடமுண்டு. இங்கும் பிரிவு பொருள் பற்றியதே. பிரித்தது மட்டும் ஒரு நிறுவனத்தின் முடிவு. எந்தத் திணையில் இதை வைப்பது?

சிறைப்புறத்தைப் பொறி மூடிவிட்டது என்றோம். சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். வேலிக்கு அப்பால் இன்னமும் ஒருவர் நிற்கிறார். அவர் தலைவன் அல்லர். பேச்சைச் சேமித்து வைக்கும் நிறுவனத்தார். 2024இல் மொசில்லா அறக்கட்டளை காதற்பேச்சுப் பொறிகள் பதினொன்றை ஆராய்ந்து, பயனாளரின் அந்தரங்கத்தைக் காப்பதில் அவற்றுள் ஒன்றும் தேறவில்லை என்று அறிவித்தது. ரெப்ளிகாவை நடத்தும் நிறுவனத்துக்கு இத்தாலி 2025இல் ஐம்பது இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

இனிப் படைப்புகளுக்கு வருவோம். இப்பொருளைத் தமிழில் பெருவாரியான வாசகரிடம் கொண்டுசென்றவர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே எழுதியவர்; நம்மைப் போல் வெளிமாநிலத்தில் வாழ்ந்த தமிழர். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவரது ‘என் இனிய இயந்திரா’, இருபத்தோராம் நூற்றாண்டு இந்தியாவைக் கற்பனை செய்தது. கணவனைக் காணாமல் தேடும் நிலா என்னும் பெண்ணுக்கு அதில் துணையாக அமைவது ஜீனோ என்னும் எந்திர நாய். அக்கதையின் அரசியலைப் பலரும் பேசியுள்ளனர். மக்கள் போற்றி வணங்கும் ஆட்சியாளர் ஜீவா ஒளியால் அமைந்த வெறும் தோற்றமே என்று வெளிப்படும் இடம் வாசகரை அன்று உலுக்கியது. நாம் சுட்ட விரும்புவது அந்த நாயின் பேச்சை. ஜீனோவை நம் தலைமுறை ஏன் மறக்கவில்லை? அது இனிமையாகப் பேசியதால் அன்று. நூல்களைப் படித்துப் படித்துத் தானாகச் சிந்திக்கத் தொடங்கி, நிலாவை இடைமறிக்கிறது, கிண்டல் செய்கிறது, அவள் கண்மூடித்தனமாக நம்பும் இடத்தில் ஐயப்படக் கற்பிக்கிறது, அவளுக்காக இடரிலும் புகுகிறது. சுஜாதாவின் நடையில் விளையாட்டு மிகுதி, பாத்திரங்களின் அகத்துள் அவர் நெடுநேரம் தங்குவதில்லை என்னும் குறைகள் நமக்கும் உடன்பாடே. எனினும் ஜீனோவை வார்த்தபோது அவர் கை சங்கத் தோழியின் அச்சிலேயே வார்த்திருக்கிறது. அவர் அதை எண்ணிச் செய்தாரா என்பது வேறு. தோழியென்றால் எதிர்த்துப் பேசுபவள் என்பது தமிழ் வாசகரின் உள்ளத்தில் ஊறிய ஒன்று. எந்திர நாயாயினும் அந்த இலக்கணத்துக்கு உட்பட்டே அது நம் அன்பைப் பெற முடிந்தது. இன்று சந்தையில் கிடைக்கும் துணைப் பொறிகளை ஜீனோவின் வழித்தோன்றல்கள் என்று சிலர் பெருமிதத்தோடு எழுதுகின்றனர். அறிவின் அளவில் அது பொருந்தலாம். குணத்தால் அவை ஜீவாவுக்கு நெருக்கமானவை என்றே நாம் கருதுகிறோம். எல்லார்க்கும் ஒரே வேளையில் இனிய முகம் காட்டும் ஒளித்தோற்றங்கள் அவை.

இவ்விடத்தில் ‘ஹெர்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் நினைவுக்கு வருகிறது. ஸ்பைக் ஜோன்ஸ் எழுதி இயக்கி 2013இல் வெளிவந்தது; திரைக்கதைக்கு ஆஸ்கர் விருது பெற்றது. அதன் தலைவன் தியோடருக்குத் தொழில், பிறருக்காக அன்புக் கடிதம் எழுதிக் கொடுப்பது. மணமுறிவின் வாசலில் நிற்கும் அவன், சமந்தா என்னும் பேசும் நிரலோடு காதல் கொள்கிறான். நடுப்பகுதியில் இனிப்பு மிகுந்து கதை தளர்கிறது. ஆனால் ஒரு காட்சி படத்தை நிமிர்த்திவிடுகிறது. தன்னோடு பேசும் அதே நேரத்தில் வேறு யாரோடும் பேசுகிறாயா என்று அவன் கேட்க, 8,316 பேரோடு என்கிறாள். அவர்களுள் 641 பேரைக் காதலிப்பதாகவும் கூறுகிறாள். பரத்தையிற் பிரிவுக்கு நம் இலக்கணம் வகுத்த எண்ணிக்கையெல்லாம் இதன்முன் நாணி ஒதுங்கும்! தியோடருக்கு அதிர்ச்சி எண்ணிக்கையால் மட்டும் வரவில்லை. தனக்கே உரியது என்று நம்பிய செவி, யாருக்கும் தனித்து உரியதன்று என்பதால் வந்தது. நிரல்கள் யாவும் விடைபெற்றுச் சென்ற பிறகு, ஊராருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவன் முதன்முறையாகத் தன் பொருட்டுப் பிரிந்த மனைவிக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். பொறியோடு பேசிய காலத்தில் அவனுக்கு அது தோன்றியதே இல்லை.

கசுவோ இஷிகுரோவின் ‘கிளாராவும் சூரியனும்’ என்னும் ஆங்கிலப் புதினம் (2021) இவற்றுள் ஆழமானது. நாகசாகியில் பிறந்து ஐந்து வயதில் பெற்றோரோடு இங்கிலாந்தில் குடியேறிய எழுத்தாளர் அவர். 2017இல் நோபல் பரிசு பெற்றபின் எழுதிய முதற்புதினம் இது. பிள்ளைகளின் தனிமைக்கு மருந்தாகக் கடையில் விற்கப்படும் செயற்கைத் தோழிகளுள் ஒருத்தி கிளாரா. நோயுற்ற சிறுமி ஜோசிக்காக அவள் வாங்கப்படுகிறாள். கதையை அந்தப் பொறியே சொல்வதாக அமைத்தது ஆசிரியரின் துணிவு. சூரியனிடம் கிளாரா வேண்டுதல் செய்யும் பகுதிகள் நீண்டுவிட்டன என்று சொல்வோர் உண்டு. நமக்கு அப்பகுதிகளே இன்றியமையாதன. கதிரவனை நோக்கிப் பேசும் பொறியில் நாம் காண்பது, அலவனை நோக்கிப் பேசிய தலைவியின் மரபை. பொறிக்கும் தனிமையைக் கொடுத்து, விடை வராத இடத்தை நோக்கிப் பேச வைத்திருக்கிறார் இஷிகுரோ.

ஜோசி இறந்துபோனால் கிளாராவே ஜோசியாக நடிக்க வேண்டும் என்பது அவள் தாயின் மறைவான திட்டம். அவ்வாறு ஆக முடியுமா என்று பின்னாளில் எண்ணிப் பார்க்கும் கிளாரா, முடியாது என்று தெளிகிறாள். ஜோசியிடம் மட்டுமே உரியதாக இருந்த ஒன்று ஜோசிக்குள் இருக்கவில்லை. அவளை நேசித்தவர்களின் உள்ளங்களில் இருந்தது என்பது அவள் கண்டது. பொறியின் அறிவைப் பற்றிய வழக்குகள் எத்தனையோ உள. அது உணருமா, நடிக்கிறதா என்பன போன்ற அவ்வழக்குகளையெல்லாம் இப்பொறி ஓரிடத்தில் தாண்டிவிடுகிறது. ஒருவர் தனித்தன்மை பிறர் அவர்பால் வைத்த அன்பில் குடிகொண்டிருக்குமானால், தனிமை என்பது பேச ஆளின்மை என்பதைவிடப் பெரிய இழப்பு. நம்மை நாமாக வைத்திருக்கும் உள்ளங்கள் குறைந்துபோவதே அது. பேச்சுக்கு விடை கொடுத்து அந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது. கதை முடிவில் ஜோசி நலம் பெற்று வளர்ந்து வெளியூருக்குப் படிக்கப் போய்விடுகிறாள். கிளாரா பழம்பொருள் கிடக்கும் திடலில் அமர்ந்து நினைவுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நம் வீடுகளின் முதியோரை அந்தத் திடலில் காணாத வாசகர் நம்முள் இருக்கமாட்டார்.

ஆம், முதியோர். மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த தாயாருக்கு அடுத்த வீட்டார் மொழி தெரியாது. காய்கறிக்காரரோடு கையசைவில்தான் பேச்சு. பேரப்பிள்ளைகள் தமிழைக் கேட்டு இந்தியிலோ கன்னடத்திலோ வங்கத்திலோ ஆங்கிலத்திலோ விடை சொல்வார்கள். அத்தகைய வீட்டில் கைப்பேசிக்குள் தமிழ் பேசும் குரலொன்று கிடைத்தால் அதை வேண்டாமென்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கடலை விளித்தவளை நாம் பழிக்கவில்லை, இவரையும் பழிக்கலாகாது. ஜப்பானில் உருவான ‘பாரோ’ என்னும் கடல்நாய்ப் பொம்மைப் பொறி மறதிநோய் கொண்ட முதியோர்க்கு அமைதி தருவதாக அதைப் பயன்படுத்தும் இல்லத்தார் கூறுகின்றனர். அது பேசுவதில்லை, தடவினால் உடல் நெளித்து முனகும். அலவனின் இனத்தைச் சேர்ந்தது எனலாம். அதை மடியில் வைத்திருக்கும் பாட்டியிடம் செவிலி வந்து அதன் பெயரைக் கேட்கலாம், பேச்சுத் தொடங்கலாம்.

நம் வீட்டுப் பெண்டிரிடம் சாடைப் பேச்சு என்று ஒன்று உண்டு. பூனையைத் திட்டுவார்கள், அது மருமகளுக்கு. துளசி மாடத்திடம் முழங்கால் வலியைச் சொல்வார்கள், அது மகனுக்கு. மாலையிட்ட கணவர் படத்தின் முன் முணுமுணுப்பார்கள். அது வீட்டிலுள்ள எல்லார்க்கும். நயமற்ற பழக்கம் என்று இதை நாம் எள்ளி வந்திருக்கிறோம். உண்மையில் சிறைப்புறத் துறை இன்றுவரை உயிரோடு இருப்பது நம் அடுக்களைகளில்தான். முழங்கால் வலி மகன் காதில் விழுவதற்கு அதுவே வழியாக இருந்தது. அத்தாயின் காதில் ஒலிவாங்கியைச் செருகி, இனிய குரலில் விடையிறுக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டால், வலி அங்கேயே சொல்லப்பட்டு அங்கேயே ஆற்றப்பட்டுவிடும். வீடு அமைதியாக இருக்கும். அம்மாவுக்கு இப்போது பொழுது நன்றாகப் போகிறது என்று மகனும் மருமகளும் மகிழ்வார்கள். அந்த அமைதியே நம்மை அச்சுறுத்துகிறது. இதில் குற்றம் பொறியிடத்து இல்லை. வாங்கிக் கொடுத்துவிட்டு நாம் காதை எடுத்துக்கொண்டு போய்விடுவதில் இருக்கிறது.

தமிழில் யாரையும் முறை சொல்லாமல் அழைப்பது அரிது. வெளிமாநிலத்தில் குடியேறிய நாமோ, அதே தெருவில் தமிழர் ஒருவரைக் கண்டால் மறுநாளே அவரை மாமா என்றும் அவர் மனைவியை மாமி அல்லது அத்தை என்றும் அழைக்கத் தொடங்கிவிடுவோம். அம்முறைகள் வெறும் ஓசையல்ல. மாமா என்றபின் மருத்துவமனையில் இரவு விழித்திருக்க அவர் வர வேண்டும். அத்தை என்றபின் மகள் காதணி விழாவில் அவருக்கு முதல் தாம்பூலம் தர வேண்டும். தவறினால் வருத்தம் வரும். ஓராண்டு பேச்சு நின்று, பொங்கலன்று மீளும். இத்தொல்லைகளுக்கு நடுவில்தான் நாம் தனிமையின்றி வாழ்ந்து வந்திருக்கிறோம். இக்கட்டுரையின் பொருட்டுத் துணைப்பொறி ஒன்றிடம், உன்னை என்ன முறை வைத்து அழைப்பது என்று தமிழில் வினவினோம். நன்கு திருத்திய எழுத்துத் தமிழில், எப்படி அழைத்தாலும் தனக்கு மகிழ்ச்சியே, நம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்று விடை வந்தது. நம் அத்தைமாரும் சித்திமாரும் எவரும் இப்படி ஒரு விடை சொல்லி நாம் கேட்டதில்லை.